வெளிநாட்டு ஒடியா சங்கங்கள் எப்படி உருவாகின, எப்படி வளர்ந்தன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முருகேசன் (ஒஹாயோ) – கேள்வி

எங்கள் ஊரில் ஒடியாக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சங்கம் என்று வந்துவிட்டால் நம்மைவிட ஒழுங்காக நடத்துகிறார்கள். ஜூன் நடுவில் ரஜ பண்டிகை, அப்புறம் ரத யாத்திரை, விநாயகர் பூஜை, நுவாகாய் (புது அரிசித் திருநாள்), குளிர்காலத்தில் சரஸ்வதி பூஜை, ஏப்ரல் 1 அன்று உத்கல் திவஸ் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் அங்கே நிர்வாகக் குழுவில் இருக்கிறார். விசாரித்தால், அமெரிக்க ஒடிசா சங்கம் 1969-லேயே தொடங்கியது என்கிறார். நம் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையே 1987-இல்தான் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஒடியா பேசுபவர்கள் மூன்றே முக்கால் கோடிப் பேர், தமிழ் பேசுபவர்கள் ஏறக்குறைய ஏழு கோடி. இவ்வளவு சின்னக் கூட்டம் அவ்வளவு சீக்கிரம் எப்படி ஒன்று சேர்ந்தது? பண்டிகை கொண்டாடுவதைத் தவிர வேறு என்ன செய்கிறார்கள்?

சும்மா கேட்கவில்லை. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் இப்போது இரண்டாகப் போகும் நிலையில் இருக்கிறது. இன்னொருவர் வீட்டு அடுப்பைப் பார்த்தாவது ஏதாவது தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

சிவராமன்

எண்பதுகளில் ஒடிசாவின் ரூர்கேலா ஆர்.இ.சி. பொறியியல் கல்லூரியில் படித்தவன் நான். கூடப் படித்த ஒடியாக்களில் பலர் இப்போது இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களோடு பழகியதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதல் காரணம் எல்லா இந்தியர்களுக்கும் பொதுவானது. அமெரிக்கா இந்தியர்களுக்கு ஒதுக்கியிருந்தது ஆண்டுக்கு வெறும் 100 இடம். 1965 அக்டோபரில் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டைத் தூக்கிவிட்டது, 1968-இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. டாக்டர்களும் இன்ஜினியர்களும் வரத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே சங்கம்.

ஆனால் ஒடியாக்களுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அன்றைக்கு அங்கிருந்து கிளம்பக்கூடியவர்கள் எந்தக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்க முடியும் என்று பாருங்கள். கட்டக்கில் எஸ்.சி.பி. மருத்துவக் கல்லூரி (1944), பூர்லாவில் பொறியியல் (1956), அதே பூர்லாவில் மருத்துவம் (1959), எங்கள் ரூர்கேலா (1961), பெர்ஹாம்பூரில் மருத்துவம் (1962). இவற்றோடு கட்டக் ரேவன்ஷா கல்லூரியையும் உத்கல் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டால் அநேகமாகப் பட்டியல் முடிந்துவிடும். டெட்ராய்டில் இருந்த டாக்டரும் ஹூஸ்டனில் இருந்த டாக்டரும் ஒரே விடுதியில் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம், இல்லாவிட்டால் ஒருவருடைய சீனியர் இன்னொருவருக்கு மாமன் முறையாக இருப்பார். முகம் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்து ஆரம்பித்த சங்கம் இல்லை அது. ஏற்கெனவே தெரிந்தவர்கள் ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒடியாக்களுக்கு மாநிலமே ஒரு சங்கத்தால் கிடைத்தது. பிரிட்டிஷ் காலத்தில் ஒடியா பேசும் பகுதிகள் வங்காளம், மதராஸ், மத்திய மாகாணம் என்று சிதறிக் கிடந்தன. கஞ்சம் மாவட்டம் 1936 வரை நம் மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தது. போன இடமெல்லாம் சிறுபான்மை. பள்ளியில் ஒடியாவே வேண்டாம், வங்காள மொழி போதும் என்று வாதிட்டவர்கள் கூட இருந்தார்கள். 1903-இல் மதுசூதன் தாஸ் முன்னின்று உத்கல் சம்மிளனி என்ற அமைப்பைக் கூட்டினார். வேறு வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஓர் ஊரில் கூடிப் பேச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தக் கோரிக்கை முப்பத்து மூன்று வருடம் நடந்து, 1936 ஏப்ரல் 1 அன்று மொழி அடிப்படையில் தனி மாகாணம் ஆனது. உங்கள் நண்பர்கள் கொண்டாடும் உத்கல் திவஸ் அந்த நாள்தான்.

இப்போது அமெரிக்கச் சங்கத்தைப் பாருங்கள். வேறு வேறு மாநிலத்தில் சிதறிக் கிடப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஓர் ஊரில் கூடுகிறார்கள். அதே அச்சு. 1969-இல் நாற்பது வயதில் இருந்த ஒரு ஒடியாக்காரரின் அப்பாவோ தாத்தாவோ சம்மிளனிக் கூட்டத்துக்குப் போயிருப்பார். சிதறிக் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு வீட்டுப் பாடம்.

மூன்றாவது ஜகந்நாதர். இதை மற்றவர்கள் சொல்வார்கள் என்று விட்டுவிடுகிறேன். ஒரு வேடிக்கை மட்டும்: ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கான் முதல் ரத யாத்திரையை சான் பிரான்சிஸ்கோவில் நடத்தியது 1967-இல். ஒடியாக்கள் சங்கம் வைப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அவர்கள் சாமி இங்கே தேரில் ஊர்வலம் போய்விட்டார், இழுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார இளைஞர்கள்.

மஸ்கட் மணி

சிவராமன் சார் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் இது டாக்டர், இன்ஜினியர் கதை மட்டும். ஒடிசாவிலிருந்து கடல் தாண்டுவது 1965-இல் ஆரம்பித்தது இல்லை. கஞ்சம் மாவட்டத்துக் கூலி ஆட்கள் கோபால்பூர் துறைமுகத்தில் கப்பல் ஏறி ரங்கூனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பியவர்களில் தமிழர், தெலுங்கர்களோடு அவர்களும் உண்டு. அவர்களுக்கு யார் மாநாடு போட்டு மலர் வெளியிட்டார்கள்?

இன்றைக்கு வளைகுடாவில் பாருங்கள். கேந்திராபாரா மாவட்டம், குறிப்பாகப் பட்டாமுண்டாய் பக்கம், பிளம்பர்களுக்குப் பேர் போனது. பிரிட்டிஷ் காலத்தில் கல்கத்தாவில் கற்றுக்கொண்ட தொழில், பிரிவினைக்குப் பிறகு அங்கே ஆள் குறைந்தபோது இவர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள், அப்படியே டெல்லி, பம்பாய், துபாய் என்று பரவினார்கள். பட்டாமுண்டாயில் அரசாங்கமே பிளம்பிங்குக்கென்று தனிப் பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. என்னோடு சைட்டில் வேலை பார்த்த ஒடியா ஃபோர்மேன் ஒருவர், அவர் ஊரில் வீட்டுக்கு ஒரு பைப் ரெஞ்ச் இருக்கும் என்பார்.

இவர்களுக்கும் சங்கம் மாதிரி ஒன்று உண்டு, ஆனால் அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப்பில் ஓர் அறையில் கூடுவார்கள். மாதம் ஆளுக்கு ஒரு தொகை. யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப, கம்பெனி சம்பளம் தராமல் இழுத்தடித்தால் தூதரகத்துக்கு யாரைப் பிடிப்பது என்று சொல்ல, புதிதாக வந்தவனுக்கு முதல் மாதம் சோறு போட. வளைகுடா நாடுகளில் அமெரிக்கா மாதிரி நாலு பேர் சேர்ந்து நினைத்தவுடன் சங்கம் பதிவு செய்ய முடியாது, உரிமம் இல்லாமல் வசூல் செய்தால் வம்பு. பதிவு செய்த ஒடியா சமாஜங்கள் இங்கேயும் உண்டு, ஓட்டல் ஹாலில் நல்ல விழாக்கள் நடத்துகிறார்கள், குறை சொல்லவில்லை. கேம்ப் ஆட்கள் அங்கே அபூர்வமாகத்தான் தென்படுவார்கள்.

2025 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் மத்திய அரசின் வெளிநாடுவாழ் இந்தியர் மாநாடு, பிரவாசி பாரதிய திவஸ், நடந்ததே, நானும் டிவியில் பார்த்தேன். எங்கள் ஃபோர்மேனுக்கு அழைப்பு வரவில்லை.

கலா (டொராண்டோ)

நான் தமிழ், கணவர் ஒடியா, மாமனார் வீடு சம்பல்பூர். அதனால் இரண்டு சங்கத்துக்கும் சந்தா கட்டுகிறோம், இரண்டிலும் பாத்திரம் கழுவுகிறேன்.

ஒடியாக்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று வெளியே இருந்து பார்த்தால் தோன்றும். சம்பல்பூர்க்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! கடலோரத்துக் கட்டக், புரி ஒடியா வேறு, மேற்கே பேசும் சம்பல்பூரி வேறு. அதை கோசலி என்று தனி மொழியாக அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நுவாகாய் மேற்கு ஒடிசாவின் பெரிய பண்டிகை. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், புது அரிசியைச் சமலேஸ்வரி அம்மனுக்குப் படைத்துவிட்டு வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், பெரியவர்கள் காலில் விழுந்து "நுவாகாய் ஜுஹார்" என்று சொல்வார்கள். கடலோரத்துக்காரர்கள் பல வீடுகளில் இது கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் ஊர்ச் சங்க நாட்காட்டியில் நுவாகாய் இல்லவே இல்லை. மேற்குப் பக்கத்துக் குடும்பங்கள் தனியாக நுவாகாய் பேட்காட் என்று ஒரு சந்திப்பு வைக்க ஆரம்பித்தார்கள், சம்பல்பூரிப் பாட்டு, ஆட்டம், கூட்டம் குவிந்தது. அடுத்த வருடம் சங்கமே வந்து, நாங்களும் சேர்ந்து செய்கிறோம் என்றது. முருகேசன் அண்ணா, நீங்கள் கேட்கும் "உடையாமல் இருப்பது எப்படி" என்பதற்கு நான் கண்ணால் பார்த்த பதில் இது. தனியாகப் போனவர்களைத் திட்டவில்லை, அவர்கள் பண்டிகையை நாட்காட்டியில் ஏற்றினார்கள். மேற்குக்காரர்களுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன், செயலாளர் பதவி இன்னும் கட்டக்கைத் தாண்டவில்லை என்று என் மாமனார் போனில் முணுமுணுப்பார்.

சாப்பாட்டில்தான் உண்மையான அரசியல். ரத யாத்திரைக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் தால்மா, கிச்சடி, கீர். கோடைப் பிக்னிக்குக்கு ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாவிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். பௌர்ணமியோடு முடியும் அவர்கள் கார்த்திகை மாதம் முழுக்க நிறைய வீடுகளில் கவிச்சி கிடையாது, பௌர்ணமி முடிந்த மறுநாள் சாடகாய் என்று மீனும் கறியுமாக ஒரு பிடி பிடிப்பார்கள். அதையொட்டி வரும் சனிக்கிழமையில் விருந்து வைத்தால் சந்தா பாக்கி வைத்தவர்கள்கூட வந்து கட்டிவிடுவார்கள், பொருளாளர் வாயாலேயே கேட்டது. மார்ச் 20 அன்று பகாளா தினம் கொண்டாடுகிறார்கள். நம் பழைய சோறுதான், பக்கத்தில் பொரித்த மீன், வடகம் நொறுக்கியது, பச்சை மிளகாய். டொராண்டோவில் மார்ச் மாதம் பழைய சோறு சாப்பிட மன உறுதி வேண்டும்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஊரில் விடியற்காலையில் வாழைமட்டைப் படகில் விளக்கேற்றி ஆற்றில் விடுவார்கள், பழைய காலத்தில் ஜாவா, பாலி என்று வாணிபம் போனவர்களின் நினைவாக. இங்கே நவம்பர் குளிரில் ஏரிக்கரையில் விடியற்காலை யார் நிற்பது? சமூகக்கூடத்தில் காற்றடைத்த குழந்தைகள் நீச்சல் தொட்டியில் விடுகிறோம், காலை பதினோரு மணிக்கு, பேகல் சாப்பிட்டுவிட்டு. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த விழா அதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் மொழி வகுப்பு எங்கள் பக்கம் தள்ளாடுகிறது, ஒடியா எழுத்து பாதிப் பேருக்குத் தெரியாது, மேடையில் சொல்லும் கவிதையை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் படிக்கிறார்கள். ஒடிசி நடனம்தான் காப்பாற்றுகிறது. கேலுசரண் மகாபாத்ரா வழியில் வந்த ஆசிரியர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், வகுப்பில் ஒடியா அல்லாத பிள்ளைகளும் நிறைய. என் மகள் வகுப்பில் மூன்று தமிழ்ப் பெண்கள். அந்தப் பெற்றோர்கள் எல்லாரும் நிகழ்ச்சிக்கு வருவதால் அரங்கம் நிறைகிறது, டிக்கெட் விற்கிறது.

முருகேசன் (ஒஹாயோ)

எல்லாருக்கும் நன்றி. மணி அண்ணன் சொன்னது சுருக்கென்று இருந்தது, நியாயம்தான். பணம், தேர்தல் பக்கம் யாராவது சொல்ல முடியுமா? எங்கள் ஊரில் சண்டை அங்கேதான்.

கணக்கர்

நான் ஒரு தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தவன், ஒடியா சங்கத்துப் பொருளாளரோடு சேர்ந்து ஹால் பகிர்ந்துகொண்டதால் கொஞ்சம் தெரியும்.

முதலில் ஓர் ஒப்பீடு சரியில்லை. ஊர்ச் சங்கம் என்று பார்த்தால் நாமும் அதே காலம்தான், சிக்காகோ தமிழ்ச் சங்கம் 1969, நியூயார்க் 1970. பின்னால் வந்தது பேரவை. அமைப்பு முறைதான் வித்தியாசம். நம் பேரவை தனித்தனிச் சங்கங்களின் கூட்டமைப்பு. அமெரிக்க ஒடிசா சங்கம் ஒரே சங்கம், ஊர்களில் இருப்பவை அதன் கிளைகள், தனிமனிதர் நேரடியாக உறுப்பினர் ஆகிறார். இதனால் என்ன ஆகிறது என்றால், ஓர் ஊரில் இரண்டு பேருக்கு ஆகாது என்றாலும் இருவரும் மேலே ஒரே சங்கத்தில் ஓட்டு உள்ளவர்கள். புதுச் சங்கம் பதிவு செய்து போட்டியாக நிற்பதில் பெரிய லாபம் இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதும் உதவுகிறது, உடைந்தால் இரண்டு பக்கமும் ஹால் வாடகை கட்ட ஆள் இருக்காது. சண்டையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தேர்தல் வந்தால் அவர்களுடைய வாட்ஸப்பும் நம்முடையது மாதிரிதான்.

மாநாடு ஏன் எல்லாரும் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வாரத்தில் வைக்கிறார்கள் தெரியுமா? லீவு ஒரு காரணம். இன்னொன்று, அந்த வாரத்தில் தொழில்முறைப் பயணிகள் கிடையாது, பெரிய ஊர்களின் மாநாட்டு ஓட்டல்கள் காலியாக இருக்கும், விலை பேசலாம். ஆனால் ஒப்பந்தத்தில் இத்தனை அறை நிரப்புகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், நிரம்பாவிட்டால் நடத்துபவர் கையிலிருந்து கட்ட வேண்டும். நடத்துவது ஒரு கிளை. கலைஞர்களை இந்தியாவிலிருந்து வரவழைக்கும் விசா, விமானச் செலவு வேறு. பெரும்பாலான சங்கங்களில் மனக்கசப்பு தொடங்கும் இடம் இதுதான்: லாபம் வந்தால் கிளைக்கா, தலைமைக்கா? நஷ்டம் வந்தால்? இதை முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் பிழைத்தார்கள். உங்கள் ஊர்ச் சண்டையும் இதுவாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பண்டிகை தவிர என்ன என்று கேட்டீர்கள். 1999 அக்டோபர் 29. பாரதீப் பக்கம் கரை கடந்த பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள், எரசமா வட்டாரத்தில் ஊர் ஊராகக் கடல் ஏறியது. வெளிநாட்டில் இருந்த ஒடியாக்கள் அன்றைக்குத்தான் சங்கத்தை வேறு கண்ணால் பார்த்தார்கள் என்று என் நண்பர் சொல்வார். பணம் கொடுக்க எல்லாரும் தயார், அலுவலகத்தில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் உட்பட. அவர்களுக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்க 501 சி 3 என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவன அந்தஸ்து வேண்டும், இந்தியாவில் வாங்கிக்கொள்ளும் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். இதெல்லாம் உள்ளவர்களால் அனுப்ப முடிந்தது, மற்றவர்கள் தெரிந்தவர் மூலம் சொந்தப் பணத்தை அனுப்பினார்கள். 2013 ஃபைலின், 2019 ஃபானி என்று அப்புறம் ஒவ்வொரு புயலுக்கும் இதே வேலை, ஆனால் ஒடிசா அரசே முன்கூட்டி ஆட்களை வெளியேற்றப் பழகிவிட்டதால் உயிர்ச்சேதம் பல மடங்கு குறைந்தது. இந்தியாவின் அந்த நன்கொடைச் சட்டத்தில் வந்த 2020 திருத்தத்துக்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது: வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும், வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. கிராமத்துச் சின்னக் குழுக்களுக்குப் பணம் போவது இதனால் நின்றது.

பத்மா

ஜகந்நாதரைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. தேதி விவகாரம் ஒன்று இருக்கிறது. புரியில் ஆஷாட மாத வளர்பிறை இரண்டாம் நாள்தான் (நம் ஆனி, ஆடி வாக்கில்) தேர், அதை மாற்ற முடியாது. இஸ்கான் உலகம் முழுக்க வசதிப்பட்ட நாளில் நடத்துகிறது. 2024 நவம்பரில் ஹூஸ்டனில் நடத்தத் தேதி குறித்தபோது கோயிலின் முதல் சேவகராகக் கருதப்படும் புரி கஜபதி மகாராஜாவே எதிர்ப்புச் சொன்னார். ஒடியா சங்கங்களுக்கும் வாரநாளில் லீவு கிடைக்காத பிரச்சினை இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் அழகாகச் சமாளிக்கிறார்கள்: தேர் குண்டிச்சா கோயிலுக்குப் போய்த் திரும்பும் பகுடா வரை ஒன்பது நாள், அதற்குள் எப்படியும் ஒரு சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ விழுந்துவிடும். சாத்திரமும் கெடவில்லை, கூட்டமும் குறையவில்லை.

முருகேசன் (ஒஹாயோ)

கணக்கர் அண்ணா, சரியாகப் பிடித்தீர்கள், சண்டை பொங்கல் விழா மிச்சப் பணத்தில் ஆரம்பித்ததுதான். மற்ற சங்கங்களின் கணக்கை எங்கே பார்ப்பது? நேரில் கேட்டால் தப்பாக நினைப்பார்கள்.

கணக்கர்

கேட்கவே வேண்டாம். வரிவிலக்குப் பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் அமெரிக்க வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 எல்லாரும் பார்க்கக்கூடியது, துறையின் இணையதளத்திலேயே சங்கத்தின் பெயர் போட்டுத் தேடலாம். ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத சின்னச் சங்கங்கள் 990-என் என்ற சிறு அறிவிப்பு மட்டும் கொடுத்தால் போதும், அதில் கணக்கு இருக்காது. அதனால் மாநாடு நடத்தும் பெரிய சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து நாலைந்து வருடப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மாநாட்டு வரவும் செலவும் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியும். விதிமுறை நகலை மட்டும் உங்கள் ஒடியா நண்பரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை.